பஸ்ஸுக்கு எடுத்த பாலிசி

கூக்காலிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ் வளைவில் திரும்பினாலே என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதனால்தான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்து, எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் செலவைத் தரும் பாலிசி ஒன்றும், பஸ் விபத்துக்கு மட்டும் பணம் தரும் பாலிசி ஒன்றும் காட்டியபோது, "எனக்கு எமன் பஸ்ஸுதாங்க" என்று இரண்டாவதை எடுத்தார். அவர் வருஷத்தில் பஸ் ஏறும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் பூண்டுக் காட்டில்தான் சோலி.

அடுத்த மாதமே காட்டுமாடு துரத்த, வரப்பிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பஸ்ஸில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே பஸ்ஸில் இருந்த ஏஜென்ட், "மாட்டுக்குப் பயந்து விழுந்தா பணம் வராதுங்க" என்று கையை விரித்தார்.

அன்றுதான் என் கணவர் வளைவுகளில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். பாதி வழியில் என் காதருகே முனகினார்: "ஏ புள்ள, இந்த டிரைவரு என்ன இன்னைக்கு இம்புட்டு பதனமா, பாத்துப் பாத்து ஓட்டுறாரு?"

இப்போதெல்லாம் பாலிசி விற்க யார் வந்தாலும், முதலில் பூண்டுக் காட்டுக்கு அழைத்துப் போகிறேன். போன வாரம் வந்தவரிடம், வேலியோரம் மேய்ந்த காட்டுமாட்டைக் காட்டி, "இது முட்டினா ஆஸ்பத்திரி காசு வருமாங்க?" என்றேன்.

"வரும்ங்க, வரும்ங்க!" என்று ஓடிக்கொண்டே சொன்னார்.