அம்சவேணியின் வலது கை

அம்சவேணி படித்தது மூன்றாம் வகுப்பு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை தடவச் சேர்ந்தவள். இன்று ஒரு லைன் முழுக்க அவள் கண்ணசைவில் ஓடுகிறதென்றால், அது யார் தயவிலும் வந்ததில்லை. வண்டி ஓட்டத்தான் தெரியாது. புருஷன் நந்தகோபால் ஓட்டுவார். பின்னால் உட்கார்ந்து கை காட்டுவது இவள். அவள் வலது கையை நீட்டினால் பெங்களூர் லாரியே வேகம் குறைக்கும். வண்டியின் இண்டிகேட்டர் எப்போது செத்ததென்று இருவருக்குமே தெரியாது.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து வளர்ந்தவள் மகள் கவிப்ரியா. பாலாற்றுப் பாலத்துக் காற்றில் பாதித் தூக்கமாய்ச் சாய்ந்துகொண்டு, "அம்மா கைய நீட்டுனா ரோடே திரும்புது" என்பாள். அந்தப் பேச்சு அம்சவேணிக்கு இன்னும் இனிக்கும்.

இப்போது மகளுக்கு வாணியம்பாடியில் நர்ஸ் வேலை. ஊருக்கு முதல் பஸ் வருவதற்குள் ஷிஃப்ட் தொடங்கிவிடும். வண்டி ஓட்ட லைசென்ஸ் கிடைத்தால்தான் வேலைக்குப் போக முடியும்.

டெஸ்டில் தன் புது ஸ்கூட்டியில் எட்டைக் கோலம்போல் போட்டாள் கவிப்ரியா. பிறகு வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள். சும்மா திரும்பிவிட்டாள்.

"ஏம்மா, நீ திரும்பறது பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அம்மா கை காட்டுவாங்க சார்."

அவர் காலியாக இருந்த பின்சீட்டைப் பார்த்தார். "எந்த அம்மா?"

வேப்பமரத்தடியில் நின்ற அம்சவேணியைக் காட்டினாள்.

"அடுத்த வாரம் வா. அம்மாவ வீட்ல வுட்டுட்டு வா."

திரும்பும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: "இனிமே கைய நீட்டாதம்மா. நீ நீட்டுனா எனக்கு இண்டிகேட்டர் சுவிட்ச் ஞாபகமே வர்றதில்ல."

"என் கையால இன்னா கெட்டுப்போச்சு? இத்தினி வருஷத்துல உங்கப்பன் வண்டில ஒரு கீறல் உண்டா?"

"வேலைக்குப் போறப்ப நீ பின்னாடி இருப்பியா?"

கம்பெனியில் யாருக்கும் சளைக்காதவள் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். பாலம் வந்தது. மணலும் வானமும் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தன. கைக்குள் ஏதோ சிறகடிப்பதுபோல் இருந்தது. திருப்பம் வந்தபோது முன்னால் டிக், டிக் என்றொரு சின்னச் சத்தம். வண்டி தானாகவே மிதந்து திரும்பியதுபோல் இருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம் மகள் தனியாகத்தான் போனாள். அம்சவேணி அரைநாள் லீவு போட்டுவிட்டு, டெஸ்ட் மைதானத்துக்கு வெளியே டீக்கடையோரம் நின்றாள். எட்டு முடிந்தது. வெயிலில் மஞ்சள் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. வண்டி வலப்பக்கம் வளைந்து வந்தது. இன்ஸ்பெக்டர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"யாருக்குக்கா கை காட்டுறே?" என்றார் டீக்கடைக்காரர்.

அப்போதுதான் அம்சவேணி பார்த்தாள். அவள் வலது கை தெருவை நோக்கி நேராக நீண்டிருந்தது.

"வண்டி திரும்புது இல்ல?" என்றாள், கையை இறக்காமலே.