மாமாவுக்கு மட்டும் ஆறு மணி

வேப்பூரைத் தாண்டி வேன் சின்னசேலம் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவின் செல்போன் அடித்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் மாமா சொன்னதை வேனில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். “அக்கா, அசந்து தூங்கிட்டேங்கா. இப்பதான் முழிச்சேன். நீங்க போயிட்டு வாங்க.” பின்சீட்டில் இருந்த சித்தப்பா பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா தூங்கவில்லை என்பது அந்த வேனில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். கப், சாசர், ஊறுகாய் ஜாடி, கோயில் கடைகளில் விற்கும் பொம்மை என்று எல்லாம் அவர் கைவழியாகத்தான் வெந்து வெளியே வரும். சூளையை எப்போது மூட்டுவது, எப்போது அணைப்பது, எத்தனை மணி நேரம் ஆறவிட்டுத் திறப்பது என்று நேரத்தோடேயே வாழ்ந்த மனிதர். அரைமணி முன்னால் திறந்துவிட்டால் உள்ளே இருக்கிற சரக்கு முழுக்க விரிசல் விட்டுவிடும் என்பார். ஆறு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தரைக்கு வந்து நிற்பது அவர் வழக்கம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தல்காரருக்கு முன்னால் வந்துவிடுவார்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கே டீ குடித்தாலும், குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை சூட்டில் வெந்தது, பூச்சு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று அடியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். விருத்தாசலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பேட்டையில் வேலை பார்க்கிற பலருக்கும் இந்தப் புத்தி உண்டு. ஆனால் என் நிச்சயதார்த்தத்தன்று தாம்பரத்தில் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதையே செய்தார். கப்பில் மிச்சமிருந்த டீ, விரித்திருந்த வெள்ளைத் துணியில் சொட்டியது. அதைக் கவனிக்காமல், “இது வடக்கத்தி சரக்குங்க. பாக்கத்தான் பளபளப்பு, அடியில பூச்சே ஏறல பாருங்க” என்று என் மாமனாரிடம் நீட்டினார். மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடத்தில் ஊர்க்காரனாக இருப்பதைப் பற்றி வெட்கப்படுவதை மட்டும் நன்றாகக் கற்றிருந்தேன்.

கல்யாணம் முடிந்த அடுத்த மே மாதம், இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏற்காடு போகலாம் என்று ஏற்பாடானது. ஆசைப்பட்டது அம்மாதான். அம்மாவும் மாமாவும் சின்ன வயதிலேயே தாயை இழந்து, கம்மாபுரம் பக்கம் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர்கள். அவர்களை யாரும் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. திருவிழாவுக்கு ஸ்ரீமுஷ்ணம் போய் வந்ததுதான் அவர்கள் பார்த்த தொலைதூரம். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டியெடுத்த மண்ணை மேடு மேடாகக் கொட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதைக் காட்டி இதுதான் மலை என்று அம்மா தம்பியை ஏமாற்றுவாளாம். ரொம்ப நாள் வரைக்கும் அவர் நம்பிக்கொண்டிருந்தாராம். “இந்த வாட்டியாச்சும் அவனுக்கு நெசமான மலையைக் காட்டிடறேன்” என்று அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் கிண்டும்போதும் அதே பேச்சுதான்.

எனக்கோ வேறு கவலை. இரண்டு நாள், ஒரே வேனில், என் மாமனார் மாமியாருக்குப் பக்கத்தில் மாமா. ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்குவார், ஒவ்வொரு ஓட்டலிலும் கப்பைக் கவிழ்ப்பார். மைத்துனி சிரிப்பாள், என் மனைவி என்னைப் பார்ப்பாள். வேன் பேசியது நான், எல்லோருக்கும் நேரம் சொன்னதும் நான். சம்பந்தி வீட்டார் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார்கள். சித்தப்பா குடும்பம் பக்கத்துத் தெருதான். ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தவர் மாமா மட்டும். வேன் காலை நாலரைக்கு. முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, “காலையில ஆறு மணிக்கு மாமா” என்றேன்.

“ஆறா? வெயில் ஏறிடுமே மாப்ள. நாலரைக்கெல்லாம் கெளம்பினாத்தான் நல்லது.”

“டிரைவர் ஆறுக்குத்தான் வரேன்னாரு.”

“சரி, அவுரு சொன்னா சரிதான்” என்றார். வாசல் கொடியில் அப்போதுதான் துவைத்துப் போட்ட சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. பயணத்துக்கான சட்டை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார், பிறகு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் விடிகாலையில் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் அம்மா மட்டும் வேன் படியருகே நின்றுகொண்டிருந்தாள். “அவன் நேரந்தவற மாட்டானே, ஒடம்புக்கு ஏதாச்சுமா” என்றாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையும் அழைக்காமலே, “ரிங் போவுது, எடுக்கலம்மா” என்றேன். சித்தப்பா பையன் போய்ப் பார்த்து வருகிறேன் என்று பைக் சாவியை எடுத்தான். நான்தான் தடுத்தேன். சம்பந்தி வீட்டாரைக் காக்க வைக்க வேண்டாம், மாமா பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வார் என்றேன். பெற்ற மகன் சொன்னால் அம்மா நம்பாமல் என்ன செய்வாள்? ஏறிவிட்டாள்.

அதன் பிறகுதான் அந்த போன். கொஞ்ச நேரம் கழித்து என் மாமனார் முன்சீட்டிலிருந்து திரும்பி, “உங்க மாமா வராதது பெரிய குறைதான் மாப்பிள்ளை. அவரை வழியெல்லாம் பேச வச்சுக் கேட்டுக்கிட்டே வரலாம்னு இருந்தேன்” என்றார். ஒப்புக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். யாருக்காக அந்தக் காரியத்தைச் செய்தேனோ அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. நான் சின்னசேலம் வந்துவிட்டதா என்று டிரைவரிடம் கேட்டேன்.

ஏற்காட்டில் அம்மா எதையும் ரசிக்கவில்லை. பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். “இதைப் பாக்க அந்தத் தூங்குமூஞ்சிக்குக் குடுத்து வைக்கல” என்றாள். பிறகு யார் எவ்வளவு கூப்பிட்டும் போட்டோவுக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் எதிர்வீட்டு அக்கா என்னைக் கேட்டில் மறித்தாள். “ஏன் தம்பி, ஒங்க மாமாவை வுட்டுட்டா போனீங்க? அஞ்சரைக்கெல்லாம் பையோட வந்து நின்னாரு. வேன் நாலரைக்கே போயிடுச்சேன்னு சொன்னேன். சைக்கிளைப் புடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் போனை எடுத்து, தூங்கிட்டேன்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தாரு.” அந்த அக்காவை அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அம்மா வருத்தப்படுவாள் என்று காரணம் வேறு சொன்னேன்.

அம்மா ஆறு மாதம் தம்பியிடம் பேசவில்லை. அவரும் தூக்கம்தான் காரணம் என்று கடைசிவரை சாதித்தார். பிறகு பேசினார்கள், ஆனால் பழைய மாதிரி இல்லை. குடும்பத்தில் அவருக்குத் தூங்குமூஞ்சி மாமா என்று பெயர் நிலைத்துவிட்டது. யாராவது எங்காவது கூடுவதாக இருந்தால், மாமாவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லு என்பது எங்கள் வீட்டு வேடிக்கையாகிப் போனது. பத்து மணி விசேஷத்துக்கு அவருக்கு ஒன்பது என்று சொல்வார்கள். எட்டரைக்கே வந்து, பூட்டிய மண்டபத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். என் மகளின் காதுகுத்து கொளஞ்சியப்பர் கோயிலில் நடந்தபோதும் இதே கூத்துதான். தங்களுக்கு அநியாயம் செய்தவர்கள் மேல் பிராது எழுதிக் கட்டுகிற கோயில் அது. பிராதுச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் குழந்தையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரை, “இன்னிக்கி முழிச்சிட்டீங்களா மாமா” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் சிரித்தார். நானும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தேன். இந்த வரியை எழுதும்போது என் மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், தம்பியைப் பார்க்க வேண்டும் என்றாள். சொல்லியனுப்பினோம். “வருவான், மெதுவா வருவான். அவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான்” என்று நர்சிடம் சொன்னாள். அவள் அதைச் சொல்லும்போதே மாமா கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றுகொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு வாக்கியம் போதும், எல்லாம் நேராகியிருக்கும். இந்த நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த மே மாதம் மறுபடியும் ஏற்காடு. இப்போது எல்லா ஏற்பாடும் என் மகள்தான், பன்னிரண்டு வயது, குடும்ப வாட்ஸ்அப் குழு அவள் கையில். “எல்லாருக்கும் அஞ்சு மணிப்பா. தூங்குமூஞ்சி தாத்தாவுக்கு மட்டும் நாலுன்னு சொல்லிட்டேன்” என்று கண்ணைச் சிமிட்டினாள். அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன். இந்த முறை வண்டியை விட்டு இறங்கினேன். அவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். வேன் ஐந்து மணிக்குத்தான் என்றேன். பிறகு பதினான்கு வருடமாக மறைத்ததைச் சொன்னேன். ஏன் செய்தேன் என்பது உட்பட, கப் விஷயம் உட்பட, ஒன்றையும் விடவில்லை. எனக்காகத்தானே மாமா அப்படி ஒரு பொய் சொன்னீங்க என்றும் கேட்டேன். அவர் கட்டிப்பிடித்துக்கொள்வார், போடா பைத்தியம் என்பார் என்று உள்ளூர எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

“ஒனக்காவ இல்ல” என்றார். “பெத்த புள்ள பொய் சொல்லிட்டான்னு தெரிஞ்சா அக்கா தாங்காது. அதுக்காவ சொன்னேன். ஒம்மேல எனக்குக் கோவம்தான். இன்னிக்கும் இருக்குது.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே வந்து சொல்றியே மாப்ள. தெரியாதவங்ககிட்ட போயி சொல்லு.”

மறுநாள் நாலரைக்கே வந்து, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வேப்பூர் தாண்டியதும் நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் மகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டாள். மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. சித்தப்பாதான் முதலில், “வுடுப்பா, பழைய கதை” என்றார். “விடுங்க மாப்பிள்ளை, சின்ன வயசு” என்றார் மாமனார். அப்புறம் ஆளுக்கு ஆள் விடு விடு என்றார்கள். மாமா திரும்பவில்லை, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். அம்மா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, என்னை அங்கேயே இறங்க வைத்திருப்பாள்.