கதவோரத்தில் அரம் பட்ட தடம்

பல்லரோ சந்தையில் மீன் வாங்க நின்றபோது சவிரிமுத்து அண்ணை இறந்த செய்தி வந்தது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த மரியதாஸ் போனில் அழுதழுது சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை. மீனை வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா கேட்டார். "எனக்கு நல்லதா எழுத வராது அக்கா" என்றேன். "நல்லதா எழுத ஆக்கள் இருக்கினம். நீ உள்ளதை எழுது" என்றார். எழுதுகிறேன். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

இங்கே இத்தாலியில், பகேரியா ஊரில் ஒரு பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். பழைய பிரெஞ்சு டி.எஸ். கார்களின் கூரையை வெட்டி எடுத்து, மடிக்கிற துணிக்கூரை போட்டு, பணக்காரருக்குத் திறந்த காராக்கிக் கொடுக்கிற இடம். தகரமும் வெல்டிங்கும் அண்ணை. துணிக்கூரை தைத்தது நான். சோக்கட்டியால் ஒரே இழுவையில் கோடு போட்டு வெட்டுவார். "அளவுநாடா பயந்தவைக்கு, பிள்ளை. எனக்குக் கண் காணும்" என்பார். அநேகமாகக் கண் சரியாகவே கண்டது. அந்தத் திமிர்தான் என் தலையில் விடிந்தது.

ஒருவர் மகளின் கலியாணத்துக்கென்று வெள்ளைக் கார் ஒன்று செய்யக் கொடுத்தார். கூரையை வெட்டுமுன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். "நாலு கம்பிக்கு ஒரு நாளை ஆர் வீணாக்கிறது?" என்று சொல்லி அண்ணை வெட்டினார். கார் தொய்ந்தது. முதலே அளந்து நான் தைத்த துணி இரண்டு விரல் தளர்ந்து நின்றது. கலியாணத்தன்று மழை. தேங்கிய தண்ணீர் மணப்பெண்ணின் மடியில் கொட்டியது.

பத்ரோனே என்று நாங்கள் சொல்லும் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டே, அளவு எடுத்ததில் நான் பிழை விட்டதாக இத்தாலியனில் சொன்னார். கார் தொய்ந்ததில் இறுகிப்போன கதவை அவர் அராவிப் பூட்டியதும், புதுப் பெயின்றுக்கு அடியில் அரம் பட்ட தடம் தெரிந்ததும் எனக்குத் தெரியும். சொன்னேன். முதலாளி நம்பவில்லை. அன்றே என் வேலை போனது.

அந்த மாதம்தான் என் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அது கிடைக்காது. கிடைத்த ஒரே ஒப்பந்தம், ஒரு கிழட்டுச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் தங்கி அவரைப் பார்ப்பது. ஆறு வருடம். என் மகள் தங்கை வீட்டில் வளர்ந்தாள். இன்றும் காய்ச்சல் என்றால் தங்கைக்குத்தான் போன் எடுக்கிறாள்.

பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், எத்தனை பேருக்காக அண்ணை வரிசையில் நின்று மொழிபெயர்த்தார் என்று மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். உண்மைதான். நானும் அந்த வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் அடுத்த வரிசைக்கு மாறினார். ஆனால் ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பிக் கும்பிடுவார். நான் பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"கதவை அராவினது நான்தான், பிள்ளை."

"தெரியும்."

"பத்ரோனிட்டைச் சொல்லட்டோ?"

"அவர் செத்து நாலு வருசம், அண்ணை."

அழுதார். "மன்னிச்சிட்டன் எண்டு ஒருக்காச் சொல்லு."

நான் சொல்லவில்லை. "வாறன்" என்று எழும்பினேன். கதவடியில் பிலோமினா அக்கா நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அவருக்காக மெழுகுதிரி கொளுத்துங்கள். என்னால் இன்னும் முடியவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, கேட்க வேண்டிய முதலாளி போனபிறகு அவர் சொன்ன 'நான்தான்' என்ற அந்த ஒரு வார்த்தை. அதை உங்கள் எல்லோருக்கும் கேட்க இங்கே சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த அளவு சரி.