அண்ணி விடாமல் கேட்ட கேள்வி

அண்ணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏம்புள்ள, அங்கிட்டு இருக்குற எக்ஸ் இங்கிட்டு வந்தா பிளஸ் ஏன் மைனஸ் ஆவணும்?" என்றார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பக்கம் மாறினால் குறி மாறும் என்பது மனப்பாடம். ஏன் என்று தெரியாது. "சார் அப்படித்தான் சொன்னாரு அண்ணி" என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமான கொஞ்ச நாளில் அண்ணன் துபாய் போய்விட்டான். அண்ணி பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறாதவர். தேறினால் அங்கன்வாடி வேலைக்கு மனுப்போடலாம். "ஒரு தடவ எழுதிப் பாரு. ஆகலன்னா வயக்காட்டு வேலையப் பாரு" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார். அதனால், அடிப்படையிலிருந்து தொடங்கலாமென்று, சாயங்காலங்களில் இருவரும் என் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டோம். இரண்டு பக்கமும் எக்ஸ் வரும் கணக்கில்தான் அண்ணி ஒவ்வொரு முறையும் முட்டி நின்றார்.

ஒருநாள் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அண்ணி திடீரென்று கிண்ணங்களை எடுத்துவந்து கவிழ்த்தார். ஒரு பக்கம் மூன்று கிண்ணம், இரண்டு கடலை. மறுபக்கம் ஒரு கிண்ணம், எட்டுக் கடலை. "எல்லாக் கிண்ணத்துக்குள்ளயும் ஒரே அளவு கடலை இருக்குன்னு வச்சுக்க. ரெண்டு பக்கமும் சமம்" என்றார். பிறகு இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கிண்ணத்தை எடுத்தார். இரண்டிரண்டு கடலையையும் எடுத்தார். மிச்சம், இரண்டு கிண்ணத்துக்கு ஆறு கடலை. "அப்ப கிண்ணத்துக்கு மூணு. எதுவும் அங்கிட்டு இங்கிட்டு போகல புள்ள. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல எடுக்குறோம், அவ்வளவுதான்." அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தேர்வு புதுக்கோட்டையில். துணைக்கு நானும் போனேன். திரும்பும் பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது, "அந்தக் கணக்கு வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த முறை தேறினார். அடுத்த வருஷம் அங்கன்வாடி வேலையும் கிடைத்தது.

இன்று நான் கணக்கு ஆசிரியை. அந்தப் பாடம் வரும்போதெல்லாம் அவர் நினைவு வரும். போன வாரம் போனில் அதைச் சொன்னேன். சிரித்தார். "கணக்கெல்லாம் மறந்துபோச்சு புள்ள. ரிசல்ட் வந்த அன்னைக்கு ஒங்க அம்மா, 'நீ ஒக்காரு, நான் சமைக்கிறேன்'னாங்கள்ல, அது மட்டும் மறக்கல."