திருச்சுழிக்குக் கிழக்கே, பிள்ளை பார்க்க

பதினைந்து கிலோமீட்டர் பஸ். மூன்று கிலோமீட்டர் மாட்டு வண்டி. பயணம் இவ்வளவுதான். ஊர் சுற்றிப் பார்க்க இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. தத்தெடுக்க நினைத்து, முதல் முறையாக ஒரு பிள்ளையைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

எழுபத்துமூன்று, ஆனி மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இவருக்கு அருப்புக்கோட்டையில் நூல் கடை. நான் மதுரையில் எம்.ஏ. படித்துவிட்டு வந்து அதே கடையில் பிற்பகல்களில் உட்காருகிறேன். மதுரை டாக்டர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம் என்பதால் வெளியே தெரியவில்லை.

தத்து என்ற சொல்லை முதலில் எடுத்தது இவர். சாப்பிடும்போது. ரசம் ஊற்றச் சொல்கிற குரலில். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பிள்ளை சொந்தத்துக்குள் இருக்க வேண்டும். தேடினார்கள். செல்லையா அண்ணன் அகப்பட்டார். இவருக்குத் தூரத்துப் பங்காளி. திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் சின்னப் பலசரக்குக் கடை. மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆவணியில் மறுகல்யாணம். வருகிற பெண் வீட்டார் மூன்று வயது மகளை ஏற்கவில்லை. கொடுக்கச் சம்மதம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

புறப்படுவதற்கு முன்னால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்தோம். பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. பெண்ணை எடுப்பதென்றால் நமக்குப் பெண் பிள்ளை இருக்கக் கூடாது. ஏற்கனவே ஒருவருக்குத் தத்துப் போன பிள்ளையை மறுபடி கொடுக்க முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை இவர் திரும்பக் கேட்டுக்கொண்டார். வியாபாரி. வேறொருவருக்கு விற்ற சரக்கைப் பற்றிய பயம் எப்போதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் பஸ். டிக்கெட் ஐம்பத்தைந்து பைசா. இடது பக்கம் உட்காராதீர்கள், முகத்தில் வெயில் அடிக்கும். ஊரைத் தாண்டியதும் கரிசல். வெடித்த நிலம், உடைமரம், நடுவில் தண்ணீர் இல்லாத கண்மாய். சன்னல் ஓரம் உட்கார்ந்து, பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்ற வேண்டும் என்று யோசித்தேன். படித்த புத்தகங்களில் அதற்குக் குறிப்பு இல்லை.

திருச்சுழியில் இறங்கிக் காபி குடித்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. காபியில் அவ்வளவாகத் தெரியாது. மாட்டு வண்டிக்கு ஒரு ரூபாய் பேசினோம்.

"யாரு வீட்டுக்கு முதலாளி?" என்றார் வண்டிக்காரர்.

"செல்லையா கடைக்கு."

"அட, தவிட்டாயி வீட்டுக்கா?"

"அது யாரு?"

"அவுக மகதான். அதுக்கு முன்னால ரெண்டு பிள்ளை தங்கல. இது பொறந்ததும் பேச்சியம்மாகிட்ட தவிட்டுக்கு வித்துட்டாக. அதான் தங்குச்சு."

இவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "வித்துட்டாகளா?"

"ஆமா. ஒரு படி தவிடு."

"அப்ப பிள்ளை இப்ப யாருது?"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்ன முதலாளி, டவுனுல எமன் வாரதில்லையா? இந்த வீட்டுப் பிள்ளை இல்லைன்னு அவனை ஏமாத்தத்தான் விக்கிறது. நீங்க என்னமோ பத்திரம் பதிஞ்ச மாதிரி பயப்படுறீக."

இவர் சிரிக்கவில்லை. "ஒரு தடவை கொடுத்தா கொடுத்ததுதான். வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல. திரும்பிருவோமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வந்தாச்சு. பார்த்துட்டுப் போவோம்" என்றேன். மாடு எங்களுக்காகக் காத்திருக்காமல் ஏற்கனவே நடக்க ஆரம்பித்திருந்தது.

கடை வாசலில் இவர் இதையே கேட்டதும் செல்லையா அண்ணனும் சிரித்தார். "ஏலே, அது சும்மா சாங்கியம்டா. என் பிள்ளைதான். நான் கொடுக்கேன்." காபி வந்தது. பிள்ளை வரவில்லை. கேட்டேன். பேச்சியம்மா வீட்டில் இருக்கிறதாம். தாய் போனதிலிருந்து அங்கேதான் தின்கிறது, அங்கேதான் தூங்குகிறது. பேச்சியம்மா கூலி வேலைக்குப் போகிறவள். அடுத்த தெரு. எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குள் போவதில்லை. அண்ணன் தெரு முக்கில் நின்று கூப்பிட்டார். பிள்ளைக்கு அப்படித் தெரு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பேச்சியம்மா வந்தாள். நாற்பது வயதுக்குள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் தவிட்டாயி. மூக்கொழுகல். கையில் பாதி கடித்த கருப்பட்டி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதையும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் அப்படி இருக்கலாம். பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்போது தோன்றியது. பொறாமை.

இவர் பர்ஸை எடுத்தார். "இத்தனை நாள் பார்த்துக்கிட்டீங்க. நாங்க ஏதாவது செய்யணும்."

"நான் தவிட்டுக்கு வாங்குனேன் முதலாளி. ரூவாய்க்கு விக்கமாட்டேன்."

"பேச ஒரு முறை இருக்கு, பேச்சி" என்றார் செல்லையா அண்ணன்.

"பிள்ளைக்குப் பேதி எடுத்து மூணு நாளு கெடந்துச்சே, அப்ப அந்த முறை எங்க போயிருந்துச்சு?"

அவர் கடைக்குள் போய்விட்டார். அவள் தெருவுக்குள் போய்விட்டாள். நாங்கள் பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்தோம்.

மறுநாள் வக்கீல் விளக்கினார். தவிட்டுக்கு விற்றது தத்து ஆகாது. தாய் உயிரோடு இல்லை, தகப்பன் கொடுத்தால் போதும். பேச்சியம்மாவுக்குப் பத்திரத்தில் இடமே இல்லை. இவர் முகம் தெளிந்தது. ஆவணிக் கல்யாணத்துக்குள் முடிக்க வேண்டும். கமுதிப் பக்கம் வேறொரு குடும்பமும் பிள்ளையைக் கேட்டிருக்கிறது.

பத்திர நகலைக் கடைக்குக் கொண்டுவந்தார். வாசித்தேன். சட்டப்படி தத்தெடுப்பவர் இவர். நான் எடுப்பவள் இல்லை, சம்மதிப்பவள். ஒரு வரி.

"நான் சம்மதிக்கலைன்னா?"

"பத்திரம் செல்லாது. ஏன், என்ன விளையாட்டு இது?"

"பேச்சியம்மா கையால தரட்டும். அப்புறம் சம்மதிக்கிறேன்."

"அவ தரலைன்னா? அதுக்குள்ள கமுதிக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டா?"

இவர் ஒரு நூல் சிப்பத்தை அவிழ்த்து, மறுபடி கட்டினார். "ஒன்பது வருஷம்டி" என்றார். நான் செய்வது சரியா என்று எனக்கும் தெரியவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அதற்குத் தாய் என்று பெயர் வைத்துக்கொள்ள என்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த ஞாயிறும் போனோம். இவரும் வந்தார். கோபத்தோடுதான். முறைத்துக்கொண்டே எனக்கு நிழல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தார். முக்கில் நின்று கூப்பிடாமல் நான் தெருவுக்குள் போனேன். இவர் சிறிது நேரம் முக்கில் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் பின்னால் வந்தது. மாமியாருக்கு இன்னும் தெரியாது.

பிஸ்கட் கொண்டுபோயிருந்தேன். பிள்ளை வந்து வாங்கிக்கொண்டது.

"பிஸ்கோத்துக்கு வர்ற பிள்ளை தீந்ததும் போயிரும்" என்றாள் பேச்சியம்மா. "அடுத்த தடவை வெறுங்கையோட வாங்க."

அதற்கடுத்த வாரம் வெறுங்கை. பிள்ளை வரவேயில்லை. ஒரு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கும் அடுத்த வாரம் கோழியைக் காட்ட என்னிடம் வந்தது. இவர் கோழி மாதிரி கூவினார். நன்றாக இல்லை. பிள்ளை சிரித்தது. பேச்சியம்மா சிரிக்காமல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. குடம் நிறையவில்லை.

சில குறிப்புகள். திரும்பும் பஸ் பத்தரைக்கு விட்டால் பிறகு பன்னிரண்டே காலுக்குத்தான். நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள். கொடுப்பவர் யார் என்று வக்கீலிடம் கேட்பது போதாது. பிள்ளை யார் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது என்று ஊரில் கேளுங்கள். அவர்களிடம் போங்கள். காரியம் தள்ளிப்போகும். கெட்டும் போகலாம். எங்களுக்கும் அப்படியே ஆகியிருக்கலாம்.

போன ஞாயிறு, ஆடி கடைசி. பேச்சியம்மா கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அவள் முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்:

"ராத்திரி முழிச்சுக்கிட்டு என்னையக் கேட்டு அழுதா என்ன செய்வீக?"

"தூக்கிட்டு நடப்போம்" என்றார் இவர். "ஏதாவது வேடிக்கை காட்டுவோம். முட்டாய் கொடுப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலை" என்றேன்.

முறம் கொஞ்ச நேரம் ஓடியது. உமி எங்கள் மேல் பறந்தது. இவர் எதையோ சேர்க்க வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஆத்தாளைக் கேட்டு அழுத அன்னைக்கு எனக்கும்தான் தெரியலை" என்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். "வர்ற வாரம் துணி எடுத்துட்டு வாங்க. பாவாடை வேண்டாம், தடுக்கும். கவுனு."

பிள்ளையை இழுத்து என் எதிரே நிறுத்தினாள். அதன் தோளிலிருந்து முழங்கால் வரை சாணால் அளந்து காட்டினாள். நான் என் கையால் அளந்து பார்த்துக்கொண்டேன். அவள் சாண் பெரியது.

ஆகையால் கடைசிக் குறிப்பு, பேச்சியம்மா சொன்னபடி: அளவுக்குச் சரியாக எடுக்கக் கூடாது. நாலு விரல் கூட விட்டு எடுக்க வேண்டும். வளரும்.