வேண்டுமென்றே ஒரு தப்பு

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குச் சக ஆசிரியர்கள் வைத்த பெயர் 'உடும்பு'. எதையாவது பிடித்தால் லேசில் விடமாட்டார். பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்து இறங்கியபோது, மற்றவர்கள் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பத்திரமாகத் தொலைத்தார்கள். உடும்பு மட்டும் பூட்டுக்காரரைக் கூட்டிவந்து நின்றது.

அவர் திட்டம் சுலபமானது. பாடத்தை வீடியோவாக எடுத்து டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போடவும் கேள்வி கேட்கவும்தான். சமையலறைச் சுவரில் வெள்ளைப் பலகையை மாட்டி, போனைக் குக்கரில் சாய்த்து வைத்துப் பேச ஆரம்பித்தார். முதல் வீடியோவில் அவர் நெற்றியைத் தவிர வேறெதுவும் விழவில்லை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்த நாத்தனார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கேமராவைப் பார்த்துப் பேசுங்க. அது ஒண்ணும் கடிக்காது."

கணவர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார். "எங்கிட்ட ஒரு நாளாவது இவ்வளவு பொறுமையா எதையாவது விளக்கியிருக்கியா?"

"நீங்க ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கீங்களா?" என்றார் டீச்சர். மனிதர் டீ போடப் போய்விட்டார்.

யார் யார் வீடியோ பார்த்தார்கள் என்று டேப்லெட்டே சொல்லிவிடும். எல்லாப் பெயருக்கும் நேரே பச்சை டிக் விழுந்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வகுப்பில் கேள்வி கேட்டால் அத்தனை பேரும் திருதிருவென்று விழித்தார்கள். விசாரித்தால், வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடப் போயிருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் தொண்டை கட்டப் பேசியது நாற்காலிக்கும் மேசைக்கும்தான். டீச்சருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அடுத்த வீடியோவில், அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று கூசாமல் எழுதினார். கடைசியில் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "இதுல வேணும்னே ஒரு தப்பு பண்ணியிருக்கேன். கண்டுபிடிக்கிறவங்க நாளைக்கு என் இடத்துல நின்னு பாடம் நடத்தலாம்."

டீச்சரை மடக்குவதென்றால் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்? யாரோ ஒரு பிள்ளை கடைசிவரை பார்த்துவைக்க, சேதி வகுப்பு முழுக்கப் பரவியது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஒவ்வொரு வரியையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒவ்வொரு வீடியோவிலும் டீச்சர் ஒரு தப்பைப் புதைப்பார், மறுநாள் வகுப்பு அதைத் தோண்டி எடுத்து ஏன் தப்பு என்று சண்டை போடும். அந்தச் சண்டையில்தான் பின்னம் அவர்கள் மண்டையில் ஏறியது.

வினை ஒரு அப்பா உருவத்தில் வந்தது. மின்சாமான் கடை வைத்திருப்பவர். வகுப்பில் வாயையே திறக்காத ஒரு பெண்ணின் தகப்பனார். மகள் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதல் தப்பு வீடியோவை எட்டிப் பார்த்தவர், ஐந்தில் இரண்டைக் கண்டதும் கொதித்துப்போனார். கடைசிவரை பார்க்கும் பொறுமை அவருக்கும் இல்லை. டீச்சருக்கே கணக்குத் தெரியவில்லை என்று தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பெத்தவங்க வகுப்புக்கு வந்து பார்க்கட்டும். அவங்களுக்குத் திருப்தி இல்லேன்னா ஏழாம் வகுப்பை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது" என்றார் தலைமையாசிரியை.

"வரட்டும் மேடம், எல்லாரும் வரட்டும்" என்றார் டீச்சர். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அறையை விட்டு வெளியே வந்தவர், தன் வகுப்பைத் தாண்டி நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார்.

குறித்த நாளன்று பின்வரிசை நிறையப் பெற்றோர். முதல் கணக்கு வெறும் ஆரம்பத்துக்கு. வேண்டுமென்றே செய்யும் தப்பை மூன்றாவது கணக்கில் வைத்திருந்தார். முதல் கணக்கு இதுதான்: தொட்டியில் பாதி தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. தொட்டியில் மீதி எவ்வளவு? பிள்ளைகள் டேப்லெட்டில் போட்டு முடித்தார்கள். டீச்சர் பெரிய திரையில் எழுதினார்: அரையிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தால் ஆறில் ஒன்று.

"டீச்சர், தப்பு." வாயே திறக்காத அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"இல்லம்மா, இது சரிதான். தப்பு இன்னும் வரல, உட்காரு."

அவள் உட்காரவில்லை. "இருக்கிற தண்ணியிலதானே மூணுல ஒரு பங்கு செலவாச்சு? நீங்க முழுத் தொட்டியில மூணுல ஒரு பங்கைக் கழிச்சுட்டீங்க."

டீச்சர் திரும்பித் திரையைப் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. 'சபாஷ், இதுவும் நான் வேணும்னே போட்டதுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. வார்த்தை நுனி நாக்குவரை வந்துவிட்டது. எதிரே அந்தப் பெண் இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அந்த வார்த்தையை விழுங்கினார்.

"இது நான் வேணும்னு போட்ட தப்பு இல்ல. அவசரத்துல நிஜமாவே தப்பு பண்ணிட்டேன். வாம்மா, வந்து நீ போடு."

பின்வரிசையில் சலசலப்பு. தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு கைவிட்டுப் போயிற்று என்று டீச்சருக்குத் தோன்றியது. போனால் போகட்டும் என்று பேனாவை நீட்டினார். அந்தப் பெண் தொட்டியை வரைந்து, பாதியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை அடித்து, மீதி ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று என்று எழுதினாள்.

"டீச்சர், எனக்கும் ஆறுல ஒண்ணுதான் வந்துச்சு" என்று ஒருவன் கை தூக்கினான். நேற்றுவரை தப்பான விடையைக் கையால் பொத்தி மறைத்தவன் அவன். "எனக்கும்." "எனக்கும் டீச்சர்." கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியில், பின்வரிசையில் ஒரு பெரிய கை தயங்கித் தயங்கி மேலே போனது. மின்சாமான் கடைக்காரர்.

"எனக்கும் அதான் வந்துச்சு" என்றார். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள், மகளும் சிரித்தாள்.

தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். "அப்போ உங்க புகாரை என்ன பண்றது?"

"கிழிச்சுப் போடுங்க மேடம்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாப்பா, அந்தப் பாதியை எப்படி மூணாப் பிரிச்சே? அப்பாவுக்கு இன்னொரு தடவை சொல்லு."