போட்டு சாமான்

போன வாரம் பழைய தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். தொழிற்சாலைக்குப் போகும் பாதையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகன் கார் கண்ணாடியை ஏற்றினான், மனைவி மூக்கைப் பொத்தினாள். நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். தார் வாசனை வந்தால் எனக்கு மாரியப்பண்ணன் நினைவு வரும். அவர் நினைவு வந்தால் காருக்குள் உட்கார முடியாது.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். பெரிய கிராணிக்கு ஆபீசில் நாற்காலி. எனக்கு ஸ்டோரில் உர மூட்டை. இன்றைய தார்ப் பாதை அன்று வாய்க்கால். மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டமாக ஓடும். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால், கீழ் டிவிஷன் தேயிலைக் கொழுந்தெல்லாம் அதில் ஒரு தட்டைப் படகில்தான் தொழிற்சாலைக்கு வரும். மலைமேல் படகா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் சிரித்தவன்தான். ஆனால் படகு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். போட்டு. கழி ஊன்றி அதைத் தள்ளுகிற மாரியப்பண்ணன் போட்டுக்காரர். வாய்க்கால் முனையில் அவர் குடியிருந்த ஒற்றை வீடு, போட்டு வீடு.

போட்டைக் கட்டும் வடம் இற்றுப்போகாமல் இருக்க அதை அடிக்கடி தாரில் முக்குவார். அந்த வாசனை கையை விட்டுப் போகாது. "சோத்துலயும் தாருதான் கிராணி, எனக்கு வேற ருசியே மறந்துபோச்சு" என்று அவர் மனைவி சரசக்கா சிரிப்பார். சிரிப்பு பாதியில் இழுப்பாக மாறும். அந்தக் குளிரில் அவருக்கு மூச்சு எப்போதும் பாதிதான்.

பிறகு நல்ல ரோடு போட்டார்கள், லோரிகள் வந்தன. வாய்க்காலை மூடச் சொல்லிவிட்டார் தோட்டத்தை நடத்தும் துரை. கரைக்கு இழுக்கும்போதே போட்டு இரண்டாகப் பிளந்தது. மாரியப்பண்ணன் சேற்றில் இறங்கி மிச்சத்தை மீட்டார்: கொக்கி வைத்த இரண்டு நீளக் கழிகள், தார் வடம், நங்கூரச் சங்கிலி, ஒரு வெண்கல மணி. ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினார்.

"என்னண்ணே, பச்சப் புள்ளைய குளிப்பாட்ற மாதிரி குளிப்பாட்றீங்க?" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணுமாம். போட்டு இல்லன்னா போட்டுக்காரன் எதுக்குன்னு தொர கேக்குறாரு. இந்தச் சாமானுக்கு எங்கயாச்சும் ஒரு எடம் கெடச்சா எனக்கும் கெடைக்கும் கிராணி. சாமான் தானா ஓடாதுலா, ஆள் வேணுமில்ல?"

அந்த வயதில் அவரை எந்தத் தோட்டமும் புதிதாக எடுக்காது. பிள்ளை இல்லை. போக்கிடமும் இல்லை. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது.

என் மோட்டார் சைக்கிளில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். மாதிரி காட்ட மடியில் மணி. குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் அது அடிக்கும், ஐஸ்காரன் வந்துவிட்டான் என்று பிள்ளைகள் ஓடிவருவார்கள். திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டக்காரர், முட்டைக்கோஸ் லோடு கட்ட வடம் மட்டும் போதும் என்றார். கியா பார்மில் ஒரு கடைக்காரம்மா, மணி அழகாயிருக்கிறது, வாசலில் மாட்டலாம் என்றார். ஆள் யாருக்கும் வேண்டாம். திரும்பி வந்தால் சரசக்கா கதவைப் பிடித்தபடி "கெடச்சுதா?" என்பார். "நாளைக்குச் சொல்றேன்னாங்க" என்று ஒவ்வொரு நாளும் பொய் சொன்னேன்.

கடைசியில் கீழே அணைக்கட்டு ஏரியில் வழி பிறந்தது. மிதக்கும் குப்பையை அள்ள அங்கே ஒரு போட்டு இருந்தது. அதன் கழியும் வடமும் வெள்ளத்தில் போயிருந்தன. அங்கே ஆட்களை மேய்க்கும் மலாய்க்கார மண்டோர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாராங் அடா, ஓராங் அடா, போலேலா" என்றார். சாமானும் இருக்கு, ஆளும் இருக்கு, சரிதான். திங்கட்கிழமை வரவேண்டும். தங்க ஓர் அறையும் உண்டு. அன்று சரசக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சனிக்கிழமை சாமானை ஸ்டோர் பின்னால் அடுக்கி, திங்கட்கிழமை அணைக்கட்டில் இறக்கும்படி லோரி டிரைவரிடம் வாயால் சொல்லிவைத்தேன். ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வடத்தில் செருகினேன். லோரிக் காற்று சரசக்காவுக்கு ஆகாது என்பதால், திங்கட்கிழமை காலை இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அணைக்கட்டுக்குப் போனேன். பாய், சட்டி, மூட்டை, மாரியப்பண்ணன் கையில் மணி. லோரி வரவில்லை. மத்தியானம்வரை வரவில்லை. மண்டோர் மூன்று தடவை வந்து கேட்டார். "பாராங் மானா?" சாமான் எங்கே? மாரியப்பண்ணன் எழுந்து மணியை நீட்டினார். மண்டோர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தோட்டத்துக்கு ஓடிவந்தேன். வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சலாம், மாற்று ஆள் வந்திருந்தான்.

"சாமான் எங்கப்பா?"

"கம்போங் ராஜா பழைய இரும்புக் கடையில தள்ளிட்டேன் கிராணி."

"யாரு தள்ளச் சொன்னா?"

"நீங்கதான எழுதியிருக்கீங்க" என்று சீட்டை நீட்டினான்.

என் கையெழுத்தைப் பெரிய கிராணி கோழிக் கிறுக்கல் என்பார். அவசரத்தில் 'போட்டு'வின் 'டு'வுக்குச் சுழி போட மறந்திருந்தேன். 'போட்ட சாமான். ஏற்றவும்.' கழித்துப் போட்ட சாமானைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம், அது கம்போங் ராஜாவுக்குத்தான் போகும். அவன்மேல் என்ன தப்பு?

மோட்டாரை விரட்டிக்கொண்டு போனேன். கொக்கியும் சங்கிலியும் அப்போதே ஈப்போ லோரியில் ஏறிப் போயிருந்தன. கழிகளை அறுத்து அடுப்புக்கு வைத்திருந்தார்கள். வடத்தை யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். கடைக்காரர் முன்னால் நின்று அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, நாற்காலி எடுத்துப் போட்டார்.

அந்த வாரமே சொந்தக் கழியோடு வேறொருவர் அணைக்கட்டில் சேர்ந்துவிட்டார். மாசக் கடைசியில், யாரோ தூரத்து உறவைத் தேடி இருவரும் தாப்பா பஸ் ஏறினார்கள். நான் சீட்டைக் காட்டி உண்மையைச் சொன்னேன். "விடுங்க கிராணி, ஒரு எழுத்துதான" என்றார் மாரியப்பண்ணன். திட்டியிருக்கலாம். சரசக்கா என்னைப் பார்க்கவேயில்லை. அதன்பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தக் காலி வீட்டைத் தாண்டி வேலைக்குப் போக முடியாமல், மூன்று மாதத்தில் நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது வாய்க்கால் இல்லை. போட்டு வீடு இருந்த இடத்தில் லோரிகள் திரும்புகின்றன. அந்த வார்த்தை தெரிந்தவர்கள்கூடத் தோட்டத்தில் இல்லை.

திரும்பிக் காரில் ஏறியபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவள் ஈப்போ டவுனில் பிறந்தவள், இந்தக் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"இங்கதான் போட்டு ஓடுச்சு" என்றேன்.

"எதப் போட்டுட்டு?" என்றாள். "யாரு ஓடுனா?"